பகவதி சந்நிதியில் கம்பன்

கேரளத்தில் தமிழ் என்றதும் நம் அங்கத்தினர்களுக்கு நினைவுக்கு வருபவை பாலக்காட்டு அக்ரஹாரங்கள், கல்பாத்தித் தேர், செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர் போன்ற மகா வித்வான்கள். இவை குறித்துப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதே பாலக்காட்டு மண்ணில், பகவதி கோவில் வளாகங்களில், ஆண்டுதோறும் அறுவடை முடிந்தபின் இரவு இரவாகக் கம்பராமாயணம் பாடப்பட்டு வருகிறது. பாடுகிறவர்கள் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள். பாடலைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லி, அதற்கு விரிவுரையும் செய்து, விளக்கொளியில் தோற்பாவைகளைக் காட்டுகிறார்கள். மலையாளத்தில் இதற்கு 'தோல்பாவக்கூத்து' என்று பெயர்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நம்மவர்களில், பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்கூட, இதை நேரில் பார்த்ததில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பின் இதைப் பற்றிப் படித்தும், சில பருவங்களில் நேரில் சென்று பார்த்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு கிராமியக் கலை இத்தனை காலம் எப்படி நிலைத்தது, இன்று எதனால் தளர்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் சங்கக் கிளைகள் செய்யக்கூடிய ஒரு நல்ல காரியமும் தெளிவாகும்.

மலை தாண்டி வந்த தமிழ்

இடுக்கி மாவட்டத்தில் காந்தலூர் என்று ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. (ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இதுவன்று. அதைத் திருவனந்தபுரத்தை ஒட்டிய இடமாகவே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருதுகிறார்கள்.) உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வனம் வழியாக ஏறினால் மறையூர், அதற்கும் மேலே காந்தலூர். மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்து 'அஞ்சுநாடு' எனப்படும். இங்குள்ளவர்களின் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. பணிக்காலத்தில் ஒருமுறை அங்கே போயிருந்தபோது, அலுவலகப் பலகைகள் மலையாளத்திலும் தெருவில் பேச்சு முழுவதும் தமிழிலும் இருந்ததைக் கவனித்தேன். மழை மறைவுப் பகுதியாதலால் குளிர்ந்து வறண்ட காற்று. பூண்டும் ஆப்பிளும் விளையும் மண். 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகம் இந்தியாவின் சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாக இவ்வூரைத் தேர்ந்தெடுத்துத் தங்கப் பரிசு அளித்தது.

மலை தாண்டி வந்தவர்கள் கையில் கொண்டுவந்தது விதையும் கலப்பையும் மட்டுமல்ல, கதைகளும்தான். முதுவர் என்னும் பழங்குடியினர், தெய்வத் திருமேனியை முதுகில் சுமந்து மதுரையிலிருந்து வந்ததால் தங்களுக்கு அப்பெயர் என்று சொல்கிறார்கள். கட்டப்பனை அருகே கோவில்மலையில் உள்ள மன்னான் பழங்குடியினர், தங்கள் காலவூட்டு விழாவில் கோவலன்-கண்ணகி கதையைக் கூத்தாக ஆடுகிறார்கள். இளங்கோவடிகளின் காப்பியக் கதை இடுக்கிக் காட்டில் ஒரு பழங்குடியின் அறுவடை விழாவாக நிற்கிறது!

இதே மலைத்தொடர் வடக்கே பாலக்காட்டில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு விலகி வழிவிடுகிறது. கோவைப் பக்கத்துக் காற்றும், வணிகரும், படைகளும் நுழைந்த வாசல் அது. தஞ்சைப் பகுதியிலிருந்து நம் முன்னோர் வந்து ஆற்றங்கரைகளில் குடியேறியதும் அவ்வழியேதான். ஆனால் அந்த வாசலில் நுழைந்தவர்கள் நம்மவர்கள் மட்டுமல்லர். வெள்ளாளர், செட்டிகள், நெசவாளர் என்று பல குடியினரும் வந்தார்கள். இடுக்கிக் காட்டுக்குக் கண்ணகி போனதைப்போல, இவர்களோடு பாரதப்புழைக் கரைக்குக் கம்பன் வந்தான்.

பத்ரகாளியின் ஆவல்

பத்ரகாளி கோவில்களில் ராமாயணம் ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு ஸ்தல வரலாறு ஒன்று உண்டு. தாரிகன் என்னும் அசுரனை வதம் செய்யப் பரமசிவனால் தோற்றுவிக்கப்பட்டவள் பத்ரகாளி. அவள் தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இலங்கையில் ராம-ராவண யுத்தம் நடந்தது. அசுரனை முடித்துத் திரும்பிய தேவிக்கு, அந்த யுத்தத்தைக் காணவில்லையே என்று மனக்குறை. அதைத் தீர்க்க, ஆண்டுதோறும் அவள் சந்நிதிக்கு எதிரே ராமகதையை நிழலாகக் காட்டும்படி ஈசன் பணித்தான் என்பர். ஊருக்கு ஊர் இதில் சிறு வேறுபாடுகள் உண்டு. எல்லாவற்றிலும் பொதுவான செய்தி ஒன்றே: இக்கூத்தின் முதல் ரசிகை அம்பாள். மனிதர்கள் வந்தால் கேட்கலாம். வராவிட்டாலும் கூத்து நடக்கும்.

இது வெறும் கதையாக நின்றுவிடவில்லை. கூத்து நடத்துவதற்கென்றே கோவில் வளாகத்தில், சந்நிதியைப் பார்த்தபடி ஒரு நிரந்தரக் கட்டடம் கட்டினார்கள். அதன் பெயர் கூத்துமாடம். பாலக்காடு மாவட்டத்திலும், அதை ஒட்டிய திருச்சூர், மலப்புரம் மாவட்டப் பகுதிகளிலும் இத்தகைய மாடங்கள் உள்ளன. நிழற்கூத்து ஆசியா முழுவதும் பரவிய கலை. ஜாவாவில் 'வயாங்', நம் ஆந்திரத்தில் 'தோலு பொம்மலாட்டா', கர்நாடகத்தில் 'தொகலு கொம்பெயாட்டா' எனப் பல வடிவங்கள். ஊர் ஊராகச் சென்று தற்காலிகக் கொட்டகை கட்டி ஆடும் வழக்கமே பிற இடங்களில் அதிகம். நிழலுக்கென்று கோவிலில் நிலையாக ஒரு கட்டடம் எழுப்பியது பாலக்காட்டுச் சீமையின் தனிச்சிறப்பு.

இன்னொரு விந்தையும் உண்டு. தமிழ்நாட்டில் தோற்பாவைக்கூத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தி வருபவர்கள், மராட்டியர் ஆட்சியை ஒட்டி வந்த, வீட்டில் மராத்தி பேசும் ஒரு சமூகத்தினர். கேரளத்தில் நடத்துபவர்களோ மலையாளம் பேசுபவர்கள். இருவரும் கதை சொல்வது தமிழில்!

மாடமும் விளக்கும்

நான் பௌதிகம் படித்தவன். ஆகவே மாடத்தின் அமைப்பைச் சற்று விவரமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கூத்துமாடம் அகலம் குறைந்த, நீண்ட கட்டடம். சுமார் 42 அடி நீளம் என்பது வழக்கமான கணக்கு. முன்பக்கம் முழுவதும் வெள்ளைத் திரை. அதன் கீழ்ப்பகுதியில் கறுப்புத் துணி. இத்திரைக்கு 'ஆயப்புடவை' என்று பெயர். மேலே வெண்மை வானுலகையும், கீழே கருமை பாதாளத்தையும் குறிக்கும் என்று விளக்கம் சொல்வார்கள். திரைக்குப் பின்னால் நீளவாட்டில் ஒரு பலகை. அதில் சம இடைவெளியில் 21 விளக்குகள். உடைத்த தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுகிறார்கள். முதல் சுடர் சந்நிதி விளக்கிலிருந்து கொண்டுவரப்படுவது.

ஒரே பெரிய விளக்கு வைத்தால் போதாதா? போதாது. 40 அடித் திரை முழுவதும் ஒரே சீராக ஒளி பரவ வேண்டுமானால் விளக்குகள் வரிசையாக இருக்கவேண்டும். ஆனால் ஒளி மூலங்கள் பல இருந்தால், ஒரு பொருளுக்குப் பல நிழல்கள் விழுமே? அதற்கான வழியை அந்தப் பழைய புலவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். பாவையைத் திரைத்துணியோடு ஒட்டிப் பிடித்தால், எல்லா விளக்குகளின் நிழலும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கூரான வடிவம் கிடைக்கிறது. பாவையைச் சற்றே பின்னுக்கு இழுத்தால் நிழல் பலவாகப் பிரிந்து மங்கிக் கரைகிறது. மாயாவிகள் மறைவதற்கும், பாத்திரங்கள் விலகிப் போவதற்கும் இதைவிட எளிய உபாயம் வேறில்லை. நீண்ட நேரம் பேசும் பாத்திரங்களை முள்ளால் திரையிலேயே குத்தி நிறுத்திவிடுகிறார்கள். அப்போது பாவை அசையாவிட்டாலும், சுடர் காற்றில் ஆடுவதால் அதன் ஓரங்கள் மூச்சு விடுவதுபோல் தெரியும். மின்விளக்கு போட்டு நடத்தும் மேடைக் காட்சியில் இது கிடைப்பதில்லை.

பாவைகள் பழங்காலத்தில் மான்தோலில் செய்யப்பட்டவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான்தோல் கிடைப்பதில்லை; ஆட்டுத்தோலையே பயன்படுத்துகிறார்கள். ஆந்திரப் பாவைகள் ஒளி ஊடுருவும்படி பதப்படுத்தப்பட்டுப் பல வண்ண நிழல் தருபவை. பாலக்காட்டுப் பாவைகள் ஒளி புகாதவை. நிழல் கறுப்பாகவே விழும். ஆகவே கிரீடம், ஆபரணம், ஆடை மடிப்பு எல்லாவற்றையும் உளியால் நுண்ணிய துளைகளாகக் கொத்தி, அத்துளைகளின் வழியே வரும் ஒளியாலேயே காட்டுகிறார்கள். நிற்பவை, இருப்பவை, நடப்பவை, போர் செய்பவை என்று ஒரே பாத்திரத்துக்கும் நிலைக்கு ஒரு பாவை உண்டு. பெரும்பாலானவற்றில் ஒரு கை மட்டுமே அசையும்.

ஓர் இரவு நடப்பது

செண்டை, இலத்தாளம், சங்கு முதலியவை முழங்க, கணபதி பூஜையோடு கூத்து தொடங்குகிறது. அடுத்துத் திரையில் தோன்றுபவர்களைக் கேட்டால் நம் அங்கத்தினர்கள் வியப்படைவார்கள். அவை பட்டர் பாவைகள். 'பட்டர்' என்பது கேரளத்தில் தமிழ் பிராமணர்களைக் குறிக்கும் சொல் என்பது தெரிந்ததே. குடுமியும் பூணூலுமாக நிற்கும் இந்தப் பட்டர்கள் தெய்வங்களையும் குருமார்களையும் துதித்து, அன்றைய கூத்துக்குக் காணிக்கை கொடுத்தவர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். அதன் பிறகே ராமகதை.

பல கோவில்களில் கதை பஞ்சவடியில் தொடங்கிப் பட்டாபிஷேகத்தில் முடிகிறது. கோவிலின் வழக்கத்தையும் வசதியையும் பொறுத்து 7, 14, 21 இரவுகள். சில இடங்களில் அதற்கும் மேல். ஒவ்வோர் இரவும் ஏறத்தாழப் பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை. முதலில் ஒரு கம்பன் பாடல். அதற்குச் சொல் சொல்லாகப் பொருள். பிறகு அதையொட்டிய வாதம், இலக்கணம், புராணக் கிளைக்கதை, ஜோதிடம், நீதி. இந்த விரிவுரையில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். பாடலும் உரையும் சேர்ந்த இந்த நூலுக்கு 'ஆடல்பற்று' என்று பெயர். புலவர்கள் மலையாள எழுத்தில் தமிழ்ப் பாடல்களை எழுதிவைத்துப் படிப்பார்கள். மாடத்துக்குள் ஏறினால் எல்லாம் மனப்பாடம்.

ஆடல்பற்று முற்றிலும் கம்பன் பாடமே என்று சொல்ல முடியாது. வாய்வழியாக வந்ததால் பாடல்களில் சொற்கள் மாறியிருக்கின்றன. கம்பனில் இல்லாத கதைகளும் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரன் கதை. காட்டில் தவம் செய்துகொண்டிருந்த அவனை லக்ஷ்மணன் அறியாமல் வெட்டிவிடுகிறான். ஆகவே சூர்ப்பணகை பஞ்சவடிக்கு வருவது மோகத்தால் மட்டுமன்று, மகனை இழந்த துயரத்தோடும்கூட என்று ஆகிறது. கம்பனை வரிக்கு வரி மதித்துப் பாடும் புலவர்களே, எதிர்ப்பக்கத்துத் தாய்க்கும் ஒரு நியாயம் இருக்கட்டும் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள்.

பணி ஓய்வுக்குப் பின் முதன்முறையாக ஒரு கூத்துமாடத்துக்குப் போனபோது, நள்ளிரவுக்குமேல் திரைக்கு முன்னால் என்னோடு இருந்தவர்கள் இருவர். அவர்களில் ஒருவர் தூங்கிவிட்டார். உள்ளே ஐந்து பேர் முழுக்குரலில் பாடிப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு புலவர் சந்தேகம் எழுப்புகிறார், இன்னொருவர் விடை சொல்கிறார், மூன்றாமவர் மறுக்கிறார். வெளியே யாரும் இல்லை என்பதற்காக ஒரு பாடலைக்கூட அவர்கள் தாண்டவில்லை. விடியற்காலையில் தேநீர்க்கடையில் மூத்த புலவரிடம், கேட்பதற்கு ஆளில்லாமல் பாடுவது அலுப்பாக இல்லையா என்று விசாரித்தேன். பகவதி கேட்கிறாள், ஸ்வாமி, அது போதாதா என்பதே அவர் பதில். இக்கலையைப் பல ஆண்டுகள் உடனிருந்து ஆராய்ந்து 1996-இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் ஸ்டூவர்ட் பிளாக்பர்னும், பார்வையாளர் இல்லாத இந்த நிலையைத்தான் தம் ஆய்வின் மையமாக வைத்தார். வெளியே ஆள் இல்லாததால் புலவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதே கூத்தின் உயிராக வளர்ந்தது என்பது அவர் கண்டது.

சின்னத்தம்பிப் புலவர் கதை

இக்கலையை உருவாக்கியவராகப் புலவர்கள் வணங்குவது சின்னத்தம்பிப் புலவரை. அவர் வெள்ளாளச் செட்டி சமூகத்தவர் என்பது வழக்கு. அவரைப் பற்றிய செவிவழிக் கதை ஒன்றை நம் இதழில் மறைக்காமல் சொல்லவேண்டும். அக்காலத்தில் பிராமணர் இல்லங்களில் கம்பராமாயண வாசிப்பும் விரிவுரையும் நடக்குமாம். கேட்கும் ஆசையோடு போன சின்னத்தம்பிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. அவர் மனம் புண்பட்டு, எந்தச் சாதியாரும் வந்து கேட்கும்படி ராமகதையைத் திறந்த வெளியில், தோலில் உருச்செய்து காட்டுவேன் என்று உறுதிகொண்டு இக்கூத்தை அமைத்தாராம்.

ஒரு சமூகம் தன் கலையின் பிறப்பைப் பற்றி நினைவில் வைத்திருக்கும் கதை என்ற அளவில் இதற்கு மதிப்பு உண்டு. வாயிலில் நிறுத்தப்பட்டவரின் வழிவந்தவர்கள்தான், நம் வீடுகளில் வாசிப்பு நின்றுபோன பிறகும் கம்பனைக் காத்து வந்திருக்கிறார்கள். அதே புலவர்கள்தான், அந்தக் கதையை நினைவில் வைத்துக்கொண்டே, ஒவ்வோர் இரவும் பட்டர் பாவைகளைத் திரையின் முன்வரிசையில் நிறுத்தி, அவர்கள் வாயால் ஸ்துதியும் ஆசியும் சொல்ல வைக்கிறார்கள். நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இந்த மரியாதையை நாம் போய்ப் பார்க்காமலே இருந்துவிட்டோம் என்பதுதான் வருத்தம்.

புலவர் ஆவது எளிதன்று. ஒரு மாணவன் ஆண்டுக்கணக்கில் குருவோடு மாடத்தில் இருந்து, ஆயிரக்கணக்கான பாடல்களையும் அவற்றின் உரையையும் நெட்டுருச் செய்யவேண்டும். வெள்ளாளச் செட்டிகள், நாயர்கள் முதலிய பல சமூகங்களிலிருந்தும் இதைக் கற்றார்கள். 'புலவர்' என்பது கற்றதால் கிடைக்கும் பட்டம்.

பருவமும் காணிக்கையும்

இத்தனை உழைப்பு வேண்டும் ஒரு கலை, பார்வையாளரும் இல்லாமல் எப்படி நின்றது? ஊர்களின் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

முதலாவது, பருவம். தை மாதம் தொடங்கி ஏறத்தாழ வைகாசிவரை கூத்துக் காலம். அறுவடை முடிந்து களத்தில் நெல்லும், உழவர் கையில் ஓய்வும் இருக்கும் நாட்கள், மழைக்கும் முன்பு. ஒவ்வொரு கோவிலுக்கும் அதற்கென்று நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு கோவிலில் முடித்து அடுத்த கோவிலுக்குப் புலவர் குழு போகும். ஆக ஐந்து மாதமும் ஒரு வட்டாரம் முழுவதும் சுற்றிவரும் ஒரு கலைவிழா இது. இதற்கு விளம்பரம் இல்லை, அழைப்பிதழ் இல்லை. பஞ்சாங்கம்தான் அழைப்பிதழ்.

இரண்டாவது, காணிக்கை. பழங்காலத்தில் நிலக்கிழார்களின் ஆதரவு இருந்தது. ஷொரணூர் அருகே கவளப்பாறை ஆரியங்காவுக் கோவிலில் நடக்கும் கூத்து கவளப்பாறை மூப்பில் நாயரின் ஆதரவில் வளர்ந்தது. ஆனால் அதனோடு சேர்ந்து, ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சக்திக்கு ஏற்ற சிறு தொகையை வழிபாடாகச் செலுத்துவார்கள். குழந்தைக்கு உடம்பு தேற, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக, மகனுக்கு வேலை கிடைக்க என்று வேண்டுதல்கள். அவர்கள் பெயரைச் சொல்லி மாடத்திலிருந்து வாழ்த்துப் பாடப்படும். காணிக்கை கொடுத்தவர் தம் பெயர் சொல்லப்படும் நேரத்துக்கு வந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். கூத்து விடியும்வரை நடக்கும்.

இன்றைய சபா முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னையில் 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து ம்யூசிக் அகாதெமி பிறந்தது. மார்கழி இசைப் பருவம் அதைச் சுற்றி வளர்ந்தது. அது பார்வையாளரை நம்பி நிற்பது. கூட்டம் குறைந்தால் அடுத்த ஆண்டு அந்த வித்வானுக்கு இடம் குறையும். கூத்துமாடமோ நாளையும் தெய்வத்தையும் சிறு காணிக்கையாளரையும் நம்பி நின்றது. பார்வையாளர் வராததால் அங்கே புலவருக்கு நேரம் குறையவில்லை.

தளர்ச்சியும் மேடையும்

1970-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வந்தன. ஜன்மி முறை ஒழிந்து, குத்தகைக்கு உழுதவருக்கே நிலம் சொந்தமாயிற்று. உழுதவனுக்கு அது நியாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கோவில்களுக்கும் நிலக்கிழார் குடும்பங்களுக்கும் நெல் வரவு குறைந்தது; கூத்துக்கு அளந்த நெல்லும் குறைந்தது. நம் அக்ரஹாரங்களில் குத்தகை நெல்லை நம்பியிருந்த பல குடும்பங்கள் மும்பைக்கும் தில்லிக்கும் ரயிலேறியதற்கு இது ஒரு காரணம் என்பதை நம் அங்கத்தினர்களில் மூத்தவர்கள் அறிவார்கள். நமக்குப் பட்டணத்தில் வேலை இருந்தது. புலவருக்குத் தெரிந்தது கம்பன்தான். அதை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தில் சேர்வது? பலர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை நிறுத்தினார்கள். பிறகு சினிமாவும் தொலைக்காட்சியும் வந்து, இருந்த சில பார்வையாளர்களையும் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டன.

இந்தக் காலகட்டத்தில் கலையைக் காத்தவர்களில் முதன்மையானவர் ஷொரணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர். அவர் கூத்தைச் சுருக்கி, ஒரு மணி நேர அளவில் அமைத்து, எடுத்துச் செல்லக்கூடிய திரையோடு மாடத்துக்கு வெளியே கொண்டுவந்தார். சந்நிதியை விட்டு வெளியே கூத்தா என்று மனம் வருந்தியவர்கள் உண்டு. ஆனால் அவர் அப்படிச் செய்திராவிட்டால் உலகம் இக்கலையின் பெயரைக் கேட்டிருக்காது. இந்திய நகரங்களிலும் வெளிநாட்டு விழாக்களிலும் பாவைகள் ஆடின. 2000-இல் அவர் மறைந்தபின், அவர் புதல்வர் ராமச்சந்திரப் புலவர் அப்பணியைத் தொடர்ந்தார். காந்தியடிகளின் வரலாறு போன்ற புதிய கதைகளையும் பாவைகளாகச் செய்து காட்டினார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அண்மை ஆண்டுகளில் அவர் குடும்பத்திலிருந்தே பெண்கள் மட்டும் கொண்ட குழுவும் தோன்றியிருக்கிறது. பாலக்காடு மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகத்துக்காகப் பாவைகளை இயந்திர மனிதன் முறையில் இயக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் இதை நான் வரவேற்கிறேன். இயந்திரம் கையை அசைக்கும், குழந்தைகள் ஆவலோடு பார்ப்பார்கள், அது நல்லதே.

ஆனால் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குச் சில பாடல்கள் போதும். 21 இரவுகளுக்கோ நூற்றுக்கணக்கில் பாடல்களும், அவற்றுக்கு உரையும், வாதமும், கிளைக்கதையும் வேண்டும். மேடை வாய்ப்புகள் பெருகி மாடத்து இரவுகள் குறைந்தால், பாவைகள் இருக்கும், பெயர் இருக்கும், பரிசும் இருக்கும், ஆடல்பற்று மறைந்துவிடும். கும்பகர்ணனும் விபீஷணனும் தர்மத்தைப் பற்றிப் பேசுவதை இரவெல்லாம் விரித்துச் சொல்லத் தெரிந்தவர் கடைசியில் ஒருவரும் இருக்கமாட்டார். அதைப் படம்பிடித்து வைத்தாலும், மறுகேள்வி கேட்டால் விடை சொல்ல ஆள் வேண்டுமே.

நாம் செய்யக்கூடியது

நம் சங்கக் கிளைகள் ராமநவமி உத்ஸவம், உபன்யாசம், கச்சேரி என்று செலவு செய்கின்றன. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். கூத்துக் குழுவை நம் ஊருக்கு அழைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி வைப்பது நல்லதுதான். அதைவிடச் சிறந்தது, ஏதேனும் ஒரு பகவதி கோவிலில் ஓர் இரவுக் கூத்தை ஆண்டுதோறும் ஒரு கிளையின் வழிபாடாக ஏற்றுக்கொள்வது. பத்துக் கிளைகள் ஆளுக்கு ஓர் இரவை ஏற்றுக்கொண்டால், குறைத்துக்கொண்ட இரவுகளை ஒரு கோவில் திரும்பவும் நடத்த முடியும். காணிக்கையைக் கோவில் மூலமாகவே செலுத்தவேண்டும். நாள், முறை, கதைப்பகுதி எதையும் நம் வசதிக்காக மாற்றச் சொல்லக்கூடாது.

தமிழ் படித்த நம் மூத்தவர்கள் கம்பராமாயணப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவு மாடத்தின் முன் உட்காரலாம். புலவர் பாடும் பாடம் அச்சுப் பிரதியிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று குறித்துக்கொண்டு காலையில் அவரோடு பேசினால், இருவருக்கும் அது பயன் தரும். பொருள் கேட்க ஒருவர் வந்திருக்கிறார் என்பதே புலவருக்கு ஒரு கௌரவம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பொங்கல் கழிந்ததிலிருந்து மே மாதம்வரை கூத்துக் காலம். ஷொரணூர் பெரிய ரயில் சந்திப்பு. கவளப்பாறையும் கூனத்தறையும் அதன் அருகிலேயே உள்ளன. கோவிலுக்குக் கோவில் நாள் மாறுமாதலால், புறப்படுமுன் கோவிலிலோ உள்ளூர் உறவினர் மூலமோ விசாரித்துக்கொள்ளவும். இரவில் பனி இருக்கும். ஒரு போர்வையும், உட்காரப் பாயும், முடிந்தால் ஃபிளாஸ்கில் காபியும் எடுத்துச் செல்லுங்கள். கைபேசி விளக்கைத் திரைமேல் அடிக்காதீர்கள். 21 சுடர்களின் வேலை கெட்டுவிடும். பட்டர் பாவைகள் வரும் நேரத்துக்கு முன்பே போய்ச் சேருங்கள்; நம்மவர்கள் திரையில் நிற்கும்போது எதிரே நம்மில் ஒருவராவது இருக்கவேண்டாமா?